லண்டன் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு: அடுத்த இறுதியாட்டத்துக்காவது அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்

லண்டன் கவுன்சில்களில் இருக்கிற தமிழ்க் கவுன்சிலர் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவுக்கு வருகிறீர்கள், தேருக்கு வருகிறீர்கள், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாலை போட்டு உங்களை முன்வரிசையில் இருத்துகிறோம். வாக்குக் கேட்டு வந்தால் குப்பைத் தொட்டி, கார் தரிப்பிடம், பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம் என்று வாசலில் நின்று குறை சொல்கிறோம், நீங்களும் குறித்துக்கொண்டு போகிறீர்கள். பப் பற்றி ஒரு தமிழ் அம்மா உங்களிடம் வந்து கதைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நான் கதைக்க வந்திருக்கிறேன். பப்பில் பிள்ளைகளோடு உதைபந்தாட்ட இறுதியாட்டம் பார்ப்பது பற்றி. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில் பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம், இங்கிலாந்தும் ஸ்பெயினும். இங்கே காலை 11 மணிக்குத் தொடக்கம். என் மகளுக்கு அப்போது பத்து வயது. எங்கள் பகுதியில் ஒரு பெண்பிள்ளைகள் அணியில் இடது பின்காப்பில் ஆடுகிறாள். முந்தின வருடம், 2022 ஜூலை 31, வெம்ப்ளியில் 87,192 பேருக்கு முன்னால் இங்கிலாந்துப் பெண்கள் ஜேர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது நானும் அவளும் வீட்டில் இருந்துதான் பார்த்தோம். மேலதிக நேரத்தில் கோல் அடித்துவிட்டு குளோயி கெல்லி சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஓடினாளே, அடுத்த நாள் காலையில் மகள் என்னை எழுப்பி, "அம்மா, எனக்கும் பூட்ஸ் வேணும்" என்றாள். அப்படித்தான் அவள் அந்த அணிக்குப் போனாள்.

சரி, சிட்னிக்கு வருகிறேன். புதன்கிழமை அரையிறுதியில் அவுஸ்திரேலியாவை 3-1 என்று வென்றதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழு தீப்பற்றியது மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியாளர் ஒரு இளம் பெண், அவர்தான் சொன்னார், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம், நாங்கள் பருவ முடிவு விருந்து வைக்கிற அந்தப் பப்பில் பின்னால் ஒரு பெரிய அறையும் பெரிய திரையும் இருக்கிறது என்று. பெரியவர்களோடு வந்தால் பிள்ளைகளை உள்ளே விடுகிற பப் அது, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒருவர் கொடி வாங்கினார், ஒருவர் முகத்தில் பூச வர்ணம் வாங்கினார், நான் சனி இரவு இருந்து நாற்பது மரக்கறி பற்றிஸ் சுட்டேன். காலை பத்தரைக்கே பதினான்கு பிள்ளைகள் கன்னத்தில் சிவப்புச் சிலுவையோடு வாசலில் நின்றார்கள்.

கதவு பூட்டியிருந்தது. முதலாளி உள்ளே நிற்கிறார், விளக்கு எரிகிறது, திரையில் மைதானம்கூடத் தெரிகிறது. அவர் கதவை ஒரு சாண் திறந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதிப்பத்திரச் சுருக்கத்தை விரலால் காட்டினார். ஞாயிறு: 12.00. மது விற்கத் தொடங்குவதும் அந்த நேரம்தான், ஆட்களை உள்ளே எடுப்பதும் அந்த நேரம்தான். முந்தின நாள்வரை ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்திருந்தாராம். நல்ல மனிதர், முகம் கறுத்துப்போய் நின்றார். அனுமதிப்பத்திரத்தை மீறினால் கடையே போய்விடும் என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கும். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் ஒஃப் லைசன்ஸ் கடை வைத்திருக்கிறார்கள், அந்தத் தாளைச் சாமிப் படம் மாதிரிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள்.

அதனால் முதல் பாதியை நாங்கள் நடைபாதையில் பார்த்தோம். ஒரு அப்பாவின் கைபேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து, வெயில் படாமல் ஒரு கோட்டைப் பிடித்து, பதினான்கு பிள்ளைகள் குனிந்து நின்றார்கள். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, முன்னால் நின்றவள்தான் நேர்முக வர்ணனை செய்தாள். லோரன் ஹெம்ப் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டபோது எல்லாரும் துள்ளினார்கள், கைபேசி சரிந்து விழுந்தது. பிறகு 29ஆவது நிமிடம். எங்கள் கைபேசியில் பந்து இன்னும் மைதானத்தின் நடுவில் நின்றது, அதற்குள் மேல்மாடி வீட்டு ஜன்னலுக்குள் இருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் ரீவியில் பார்க்கிறார்கள், எங்களுக்கு வருவது அரை நிமிடம் பிந்தி. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள், திரும்பிக் கைபேசியைப் பார்த்தார்கள், கோல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே அது விழுகிறதைப் பார்த்தார்கள். லூசி புரொன்ஸ் நடுவில் பந்தைப் பறிகொடுத்தாள், ஸ்பெயின்காரர் இடதுபக்கம் திருப்பினார்கள், ஒல்கா கார்மோனா ஓடிவந்து தரையோடு தரையாகத் தூர மூலைக்குள் தள்ளிவிட்டாள். என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. அப்போது இடைவேளை.

உள்ளே போன பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் "வீட்டில் ரீவி இல்லையா?" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். அறையில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேரை எனக்கு முன்பின் தெரியாது. ஒரு கிழவர், ஒவ்வொரு ஞாயிறும் அந்த மூலைக் கதிரையில் இருக்கிறவராம், எழும்பி மகளுக்குத் தன் கதிரையைக் கொடுத்து, "நீ எந்த இடத்தில் ஆடுகிறாய்?" என்று கேட்டார். இவள் சொன்னாள். "அடித்தவளும் இடது பின்காப்புத்தானே, பார்த்தாயா, உன் இடத்தில் இருந்தும் கோல் அடிக்கலாம்" என்றார் அவர். அதுவரை அழுகிற முகமாக இருந்த பிள்ளை அதைக் கேட்டு நிமிர்ந்து இருந்தாள்.

பிறகு ஸ்பெயினுக்குப் பெனால்டி. எங்கள் அணிப் பெண் ஒருத்தியின் கையில் பந்து பட்டது என்று காணொளியில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள், அதற்கு எடுத்த நேரத்தில் அந்த அறையில் ஒருவரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். ஹென்னி ஹெர்மோசோ அடிக்கிறாள், மேரி ஏர்ப்ஸ் இடதுபக்கம் விழுந்து பந்தை அப்படியே பிடித்துவிட்டாள். அந்த நேரம் அந்த அறை எழுப்பிய சத்தம் இருக்கிறதே, நல்லூர்த் தேர் இருப்புக்கு வரும்போது எழும்புகிற சத்தத்துக்குப் பிறகு எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான். மேசையில் கிளாஸ்கள் குலுங்கின. வளர்ந்த ஆண்கள், உடம்பு முழுக்கப் பச்சை குத்தியவர்கள், ஒரு பெண் பந்தைப் பிடித்ததற்காகக் கண்ணீர் விட்டதை என் மகள் கதிரையில் ஏறி நின்று பார்த்தாள். பதின்மூன்று நிமிடம் மேலதிகமாகக் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, 1-0 என்று தோற்றோம். தோற்றதும் முன்பின் தெரியாத பெண்கள் வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார்கள். பற்றிஸ் அப்போதுதான் பிரித்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆண்கள் ஆடுகிற விளையாட்டைப் பெண்கள் ஆடினாலும் ஊர் கூடி நின்று கத்தும் என்பதை ஒரு பிள்ளை வீட்டு சோபாவில் இருந்து அறிந்துகொள்ள முடியாது. அந்த அறையில் என் மகள் அதைக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் அறிந்தாள். மிச்சத்தைப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டோம்.

அப்புறம் வீட்டுக்கு வந்து நான் இதைத் தேடிப் படித்தேன். நீங்கள் அனுமதிப்பத்திரக் குழுக்களில் இருப்பவர்கள், என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, நாட்டுக்கே முக்கியமான நாள் என்றால் அமைச்சர் ஓர் ஆணை போட்டு எல்லாப் பப்களுக்கும் ஒரே அடியாக நேரத்தை நீட்டலாம். அரச கல்யாணங்களுக்கு அப்படிச் செய்தார்கள். 2014இல் பிரேசிலில் ஆண்கள் உலகக் கிண்ணம் நடந்தபோது இங்கிலாந்தின் இரவு ஆட்டங்களுக்குச் செய்தார்கள். 2021 ஜூலை 11, ஆண்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்கும் செய்தார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், வழக்கமாகப் பத்தரைக்கு மூடுகிற பப்கள் அன்று 11.15 வரை திறந்திருக்கலாம் என்று. மேலதிக நேரமும் பெனால்டியும் வந்தாலும் யாரும் பாதியில் எழும்பக்கூடாது என்று யோசித்து அந்த முக்கால் மணித்தியாலத்தைக் கொடுத்திருந்தார்கள். யோசித்தது சரிதான், ஆட்டம் பெனால்டிவரை போனது. இத்தாலியிடம் தோற்றோம், என்றாலும் எல்லாரும் கடைசி அடிவரை உள்ளே இருந்து பார்த்தார்கள்.

2023இல் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஆணைக்கு அப்போது பாராளுமன்றம் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது, பாராளுமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. மைக்கேல் கோவ் அமைச்சராக இருந்து, பப்கள் பத்து மணிக்குத் திறக்க முடிந்ததையெல்லாம் செய்யுங்கள் என்று கவுன்சில்களுக்குக் கடைசி நேரத்தில் கடிதம் எழுதினார். ஆனால் கவுன்சில்களால் என்ன செய்ய முடியும்? தனித்தனிப் பப்பாக எடுக்கிற வழி தற்காலிக நிகழ்வு அறிவித்தல். எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்துக் கல்யாணமும் பிறந்தநாளும் வைக்கும்போது, 'பார்' இருந்தால், 21 பவுண் கட்டிப் போடுகிற அதே விண்ணப்பம். அதைப் பத்து வேலைநாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், மிகவும் பிந்தினால் ஐந்து வேலைநாள். அரையிறுதி முடிந்தது புதன் மதியம், இறுதியாட்டம் ஞாயிறு காலை. இடையில் இருந்த வேலைநாட்கள் இரண்டு, வியாழனும் வெள்ளியும். அணி இறுதிக்கு வந்தது தெரிந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்த பப் எல்லாமே பிந்திவிட்டது. எங்கள் பப் முதலாளியும் அப்படித்தான் காத்திருந்தார்.

போட்டி அட்டவணை எத்தனையோ மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். இறுதியாட்டம் ஆகஸ்ட் 20 என்றும் தெரியும், சிட்னியில் இரவு என்றால் இங்கே காலை என்றும் தெரியும், ஆகஸ்டில் பாராளுமன்றம் இருக்காது என்றும் தெரியும், இங்கிலாந்துப் பெண்கள்தான் ஐரோப்பியக் கிண்ணத்தை வைத்திருப்பவர்கள் என்றும் தெரியும். ஒருவராவது வசந்த காலத்தில் யோசித்திருந்தால் போதும். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

ஏன் வலித்தது என்றால், இந்த நாட்டில் பெண்கள் உதைபந்தாட்டத்தை அழித்ததும் ஒரு கதவைப் பூட்டித்தான். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் குடிசன் பார்க்கில் டிக் கேர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர் இருந்தார்கள், இடமில்லாமல் வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில். ப்ரெஸ்டனில் யுத்தத்துக்குக் குண்டு செய்த பெண்கள் அவர்கள், சேர்த்த காசைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள், 1921 டிசம்பர் 5, ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கழகங்கள் எதுவும் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆடக்கூடாது என்று யாரையும் பிடித்து அடைக்கவில்லை. மைதானக் கதவு திறக்காது, அவ்வளவுதான். அந்தத் தடை ஐம்பது வருடம் இருந்தது. எங்களுக்குக் கதிரை கொடுத்த அந்தக் கிழவரின் அக்கா தங்கைமார் எல்லாரும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

நாங்கள் மட்டும் என்ன? நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எங்களுக்கு வலைப்பந்து, உதைபந்து பெடியளுக்கு. குருநகர்ப் பக்கம் ஆட்டம் நடந்தால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்ததோடு சரி. பிறகு தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் தூக்குகிற காலம் வந்தது, அந்தச் செய்தியை இங்கே இருந்து வாசித்து நான் அழுதிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு மைதானம் கொடுக்க, பந்து வாங்கிக் கொடுக்க, பின்னேரம் நின்று பழக்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களைப் போல இங்கே நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்களில் சிலருக்கு மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். தமிழ்ப் பெண்பிள்ளையைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறதா, அதற்கு நாங்கள் வேறு சிபாரிசு செய்கிறதா? குடி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் சித்தப்பாவைக் குடிதான் கொண்டுபோனது, சித்தி இரண்டு பிள்ளைகளோடு பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நான் குடிப்பதில்லை, அன்றைக்கும் ஒரேஞ் ஜூஸ்தான். எனக்கு வேண்டியது அந்த அறையும் அந்தத் திரையும் அங்கே கூடுகிற சனமும். இந்த நாட்டில் ஒரு தெரு ஆட்கள் ஒன்றாகக் கூடுகிற இடம் பப்பாகத்தான் இருக்கிறது, எங்களுக்குக் கோயில் மண்டபம் இருக்கிற மாதிரி. அங்கே எங்கள் பிள்ளைகள் நடைபாதையில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களாக வளரக்கூடாது. அதற்காகக் காலை பத்து மணிக்குப் பியர் விற்கத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டுவரை தேத்தண்ணீரும் ஜூஸும் மட்டும் என்று போட்டாலும் எனக்குச் சம்மதம், கதவு திறந்தால் போதும். அக்கம்பக்கத்தார் சத்தம் பற்றி முறையிடுவார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் ஆண்கள் இறுதியாட்டத்துக்குப் பொறுத்துக்கொள்கிற அதே அக்கம்பக்கம்தானே.

இப்போது நான் கேட்பது. அடுத்த பெண்கள் உலகக் கிண்ணம் பிரேசிலில், 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை. ரியோவில் இரவு எட்டு மணி என்றால் கோடையில் இங்கே நடுச்சாமம். ஆகவே இந்தமுறை பிரச்சினை தலைகீழாக வரும், திறக்கிற நேரம் போய் மூடுகிற நேரம் இடிக்கும். இறுதியாட்டம் திரும்பவும் ஒரு ஞாயிறு, பப்கள் நேரத்தோடு மூடுகிற நாள். 2014இல் அதே பிரேசில், அதே நேர வித்தியாசம், ஆண்களுக்கு நாடு முழுவதும் நேரத்தை நீட்டினார்கள், அந்த அணி ஒரு ஆட்டமும் வெல்லாமல் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் அரசாங்கம் என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் கவுன்சிலின் அனுமதிப்பத்திரப் பிரிவு 2027 வசந்த காலத்திலேயே ஒவ்வொரு பப்புக்கும் ஒரு கடிதம் போடட்டும்: அரையிறுதிகளின் திகதி இது, இறுதியாட்டத்தின் திகதி இது, இங்கிலாந்து வருகிறதோ இல்லையோ இப்போதே அறிவித்தலைப் போட்டு வையுங்கள், கடைசிக் கிழமையில் வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று. இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் பிள்ளைகள் இருக்கக்கூடாது என்று பல பப்களின் தாளில் இருக்கிறது, அந்த ஓர் இரவுக்கு என்ன செய்யலாம் என்று பொலிஸோடும் முன்கூட்டியே கதையுங்கள். ஒரு தபால்தான், ஒரு கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம்தான். உங்கள் வட்டாரத்தில் பெண்பிள்ளைகள் அணி ஏதாவது இருந்தால் அந்தப் பயிற்சியாளருக்கும் ஒரு தொலைபேசி எடுங்கள், அவர்களுக்கு இந்த வழிமுறை எதுவுமே தெரியாது, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இடையில் 2025 ஜூலை 27இல் பாசலில் இங்கிலாந்துப் பெண்கள் அதே ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று திரும்பவும் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தார்கள். கடைசிப் பெனால்டி அடித்தது அதே குளோயி கெல்லி. அது பின்னேரம் ஐந்து மணி ஆட்டம், கதவு திறந்திருந்தது, அதே அறை, அதே கிழவர், மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவரோடு சேர்ந்து துள்ளினாள். நேரம் சரியாக வாய்த்ததால் கிடைத்தது. 2027இல் அவளுக்குப் பதினான்கு இருக்கும்.

உங்கள் கவுன்சிலில் இதை யார் எடுத்துக் கதைக்கப் போகிறீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் கவுன்சிலில் பொதுமக்கள் கேள்வி கேட்கிற நேரத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். மகளும் வருகிறாள். கேள்வியை அவள்தான் எழுதியிருக்கிறாள், ஆங்கிலத்தில் மூன்று வரி, நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அன்புடன்,
ஓர் இடது பின்காப்பு ஆட்டக்காரியின் அம்மா